சீன முற்றத்துப் பொங்கல்

1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாள். அப்போது நான் கோபன்ஹேகன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துத் தெரு ஒன்றில், நாலாம் மாடியில், கூரைக்கு நேர் கீழே ஓர் அறையில் இருந்தேன். அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் கட்டில் இடிக்கும். கழிவறை படிக்கட்டுத் திருப்பத்தில், இரண்டு மாடிக்கு ஒன்று. குளிக்க வேண்டுமென்றால் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பொதுக் குளிப்பிடத்துக்கு நடக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தை எங்கள் ஆட்கள் 'சீன முற்றம்' என்றுதான் சொல்வார்கள். பெரிய பெரிய நகரங்களில் சீனர்களுக்கென்று சிவப்பு வளைவும் விளக்குமாகத் தெருக்கள் இருக்குமாமே, அந்த எடுப்பெல்லாம் இங்கே இல்லை. நாலு பக்கமும் உயர்ந்த கட்டடம், நடுவில் சைக்கிள்களும் குப்பைத் தொட்டிகளும் நிற்கும் ஒரு முற்றம், அவ்வளவுதான். ஆனால் முற்றத்தைப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் சீனக் குடும்பங்கள். எந்தக் காலத்திலோ கப்பலில் சமையல்காரராக வந்து இறங்கிய ஒருவர் அங்கே முதலில் குடியேறினாராம். பிறகு அவருடைய தம்பி, தம்பியின் மச்சான், மச்சானின் ஊரவர் என்று ஒவ்வொருவராக வந்து நிரம்பிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் இக்காஸ்ட், கோல்டிங் என்ற டேனிஷ் ஊர்களை நிரப்பிய அதே முறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் விளையாடும் காய்களின் சடசட சத்தம் நாலு மாடிக்கும் ஏறி வரும். இஞ்சியும் எண்ணெயும் மணக்கும் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும். ஏறாதபோதும் பசிக்கும், அது வேறு விஷயம்.

தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் அவர்களுடைய சாப்பாட்டுக்கடை. அதில் நான் கோப்பை கழுவினேன். ஊரில் இருந்தபோது நான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவியதில்லை. கடவுள் அத்தனையையும் சேர்த்து வைத்து டென்மார்க்குக்கு அனுப்பியிருந்தார். முதலாளி அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து முதலாளியம்மா பேசினார். நாற்பத்தைந்து வயதிருக்கும், என் தோளுக்குத்தான் வருவார், ஆனால் குரல் மூன்று சமையலறைகளைத் தாண்டும். அறையும் அவர்களுடையதுதான். வேலையும் போய்க் கூரையும் போக வேண்டுமானால், அந்த ஒரு அம்மாவின் கோபம் போதும்.

எனக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி. எதையும் பகிடியாக்கிவிடுவேன். அந்த மாதங்களில் வியாதி முற்றியிருந்தது. காரணம், ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஊரில் சண்டை. ஷெல் விழுந்தது என்று கேள்விப்படுவோம். எங்கே விழுந்தது, யார் மேல் விழுந்தது என்பது தெரிய வாரங்கள் ஆகும். தொலைபேசி எங்கள் வீட்டிலும் இல்லை, எங்கள் ஊரிலும் இல்லை. யாராவது விசாரித்தால், "அம்மாவுக்கு இப்பதான் நிம்மதி, என்னை மறந்து போனா" என்று சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். அதன் பிறகு நாலு மாடி இறங்கித் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நாலு மாடி ஏறுவேன். தபால்காரருக்கே என்னைக் கண்டால் முகம் வாடத் தொடங்கியிருந்தது.

பொங்கலன்று காலையில் கடை திறக்குமுன் பொங்குவது என்று முடிவு செய்தேன். பச்சரிசிக்குப் பதில் டேனிஷ்காரர் பால்கஞ்சிக்குப் போடும் குட்டை அரிசி. சர்க்கரைக்குப் பதில் ஈர மண் மாதிரியிருக்கும் மண்ணிறச் சீனி. பயறு மட்டும் சீனக்கடையில் கிடைத்தது. பானையாக ஒரு சூப்புச் சட்டி. சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள், ஆனால் ஜனவரி மாதத்துக் கோபன்ஹேகனில் சூரியன் லீவில் நிற்கும். கிழக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரு குத்துமதிப்பாக ஜன்னல் பக்கம் என்று தீர்மானித்தேன். உள்ளே கம்பளிக் காற்சட்டை, மேலே வெள்ளை வேட்டி, அதற்கு மேலே குளிர்ச்சட்டை. பிள்ளையார் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கட்டையில் பிள்ளையார் படத்தை என் பக்கம் பார்க்க வைத்தேன். பக்கத்தில் அம்மாவின் கறுப்புவெள்ளைப் படம். அம்மா எப்போதும் கிழக்கே பார்த்துத்தான் பொங்குவார் என்பது நினைவுக்கு வர, அவருடைய படத்தை மட்டும் வெளியே பார்க்கத் திருப்பினேன். இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, நாலு தோடம்பழம் வைத்தேன். ஊதுபத்தி குத்துவதற்கென்று வாங்கிய வாழைப்பழத்தைக் காலையில் எழுந்த பசியில் நானே தின்றிருந்தேன். என்ன செய்வது? ஒரு கிண்ணத்தில் பொங்கலைக் குவித்து, மூன்று ஊதுபத்திகளையும் அதன் உச்சியிலேயே நட்டேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் முதலாளி, முதலாளியம்மா, இரண்டாம் மாடித் தம்பதி, இன்னும் இரண்டு பேர். குறுகிய படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதலாளியம்மாவின் கையில் ஒரு கட்டு வெள்ளைச் செவ்வந்திப் பூ. அதை என்னிடம் நீட்டினார். பிறகு எல்லோருமாக மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தார்கள்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவர்களுக்குப் பொங்கல் தெரிந்திருக்கிறதே! அதுவும் பூசைக்கு உகந்த செவ்வந்தி! மொழிப் பள்ளியில் அந்த வாரம்தான் ஒரு வரி படித்திருந்தேன். யாராவது வாழ்த்தினால் 'தக், ஈ லீய மோத' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 'நன்றி, உங்களுக்கும் அப்படியே' என்று அர்த்தம். முப்பத்திரண்டு பல்லும் தெரிய, ஒவ்வொருவருடைய கையையும் பிடித்து, ஆறு பேருக்கும் தனித்தனியாக அதைச் சொன்னேன்.

இரண்டாம் மாடிக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். முதலாளியம்மாவின் கண் கலங்கியது. நான் விட்டேனா? எல்லோருக்கும் பொங்கல் அள்ளிக் கொடுத்தேன். நின்றபடியே, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். சுவையில் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். போகும்போது முதலாளி, மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் உண்டு என்றார். ஊரில்கூடப் பொங்கலுக்கு ஒரு நாள்தானே லீவு!

மாலையில் நகருக்கு வெளியே டோஸ்ட்ருப்பிலிருந்து ஓர் அண்ணை பொங்கல் சாப்பிட வந்தார். எனக்கு முன்னே இங்கே வந்தவர், இரண்டு வருடம் வேறொரு சீனச் சமையலறையில் வேலை செய்தவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆரடா செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. பொங்கல். வாங்கோ உள்ளுக்கு."

"அப்ப உதென்ன வெள்ளைப் பூ?"

"முதலாளியாக்கள் தந்தவை. என்ன மாதிரிச் சனம் அண்ணை! மூண்டு நாள் லீவும் தந்திருக்கினம்."

அவர் ஜன்னலுக்குப் போனார். எரிந்து முடிந்த குச்சிகள் நின்ற கிண்ணத்தைப் பார்த்தார். வெளியே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"சோத்துக்கை குச்சி குத்தினது நீயோ?"

"ஓம். வாழைப்பழம் முடிஞ்சுது."

"விசரா! அவையளிட்டைச் சோத்திலை குச்சி குத்திறது செத்த ஆளுக்குப் படைக்கத்தான். வெள்ளைச் செவ்வந்தி செத்தவீட்டுப் பூ. நீ வெள்ளை வேட்டியும் கட்டி, தாயின்ரை படத்தை முற்றத்துக்குக் காட்டி வைச்சிருக்கிறாய். அவையள் துக்கம் விசாரிக்க வந்திருக்கினம். நீ என்ன சொன்னனி?"

"உங்களுக்கும் அப்படியே எண்டு சொன்னனான்."

அண்ணை கட்டிலில் விழுந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். செத்தவீட்டில் ஆறு பேருக்கும் 'உங்களுக்கும் அப்படியே' என்று வாழ்த்தி, சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தனுப்பிய ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். சிரித்து முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கடிதம் ஏதும் வந்ததே?"

"இல்லை."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "இப்பவே போய்ச் சொல்லிப்போடு" என்றார். சரி என்று கீழே போனேன்.

முதலாளியம்மா சமையலறையில் தனியாக இறால் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருடைய டேனிஷும் நொண்டி. நான் இங்கே எழுதுவது போல அவ்வளவு நேராக நாங்கள் கதைக்கவில்லை. பாதிக்குக் கையும் கண்ணும்தான். நான் வாயைத் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார். அவருடைய அம்மா இறந்து எட்டு வருடமாம். செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாற்பது நாளாகியிருந்ததாம். கடிதத்தை இதே மேசையில்தான் வாசித்தாராம். வெளியே ஆட்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். மடித்து வைத்துவிட்டு, மிச்ச இறாலையும் உரித்து முடித்தாராம். முற்றத்தில் யாருக்கும் அப்போது நேரமில்லை.

"உனக்கும் அப்பிடி நடக்கக் கூடாது எண்டுதான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார். பிறகு கேட்டார். "செத்தது படத்திலை இருக்கிற அம்மாவே?"

என் தலை ஆடியது. நாங்கள் தலையாட்டினால் ஆமென்றா இல்லையென்றா என்று மற்றவர்களுக்கு விளங்குவதில்லை என்று சொல்லிப் பின்னாளில் நான் தப்பப் பார்த்ததுண்டு. அது பொய். நான் ஆட்டியது ஆம் என்றுதான். அந்த நேரத்தில், அந்த முகத்தைப் பார்த்து, 'இல்லை, அது பொங்கல், வாழைப்பழம் முடிந்துவிட்டது' என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

மேலே வந்து படுத்தவனுக்கு நித்திரை வரவில்லை. மூடநம்பிக்கை இல்லாதவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன் நான். ஆனால் அம்மா செத்துவிட்டார் என்று ஒருவருக்குத் தலையாட்டிவிட்டு, அந்த அம்மாவின் கடிதத்துக்குக் காத்திருந்து பாருங்கள். நான் ஆட்டிய தலையால்தான் ஏதாவது நடந்துவிடுமோ? இல்லை, ஏற்கெனவே நடந்ததைத்தான் தலை தெரிந்து ஆட்டியதோ? அடுத்த மூன்று நாளும் தபால்பெட்டிக்கு இறங்கவே எனக்குப் பயம். அதற்கு நடுவில் முதலாளியம்மா வேளாவேளைக்குச் சூப்புக் கொண்டுவந்தார். சூப்பு அருமையாக இருந்தது என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். முழுவதையும் குடித்தேன்.

நாலாம் நாள் காலை, அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டு முதலாம் மாடியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வரச் சொன்னார் முதலாளியம்மா. நான் அதுவரை அந்த வீட்டுக்குள் போனதில்லை. கூடத்துச் சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதில் அவருடைய அம்மாவின் படம், ஒரு சின்னக் கோப்பையில் தேத்தண்ணி, ஒரு கிண்ணம் சோறு. பக்கத்தில் இருந்த சாமான்களை ஒதுக்கி, தூசு துடைத்து, இன்னொரு படம் வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் இரண்டாவது கிண்ணம், சோறு ஆவி பறந்தபடி.

"கூரைக்குக் கீழை தனிய வைச்சிருக்க வேண்டாம். இஞ்சை இரண்டு பேருமா இருக்கட்டும்" என்று கையை நீட்டினார்.

நான் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்க முடியவில்லை. கை வரவில்லை. பகிடி ஒன்றாவது வாயில் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

"அம்மா சாகேல்லை" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். அது எங்கள் ஊர்ப் பண்டிகை, சூரியனுக்கு, வாழைப்பழத்தை நான் தின்றுவிட்டேன், நான் பொய் சொன்னேன் என்று தெரிந்த டேனிஷ் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்ப அம்மா ஊரிலை சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

உலகத்திலேயே இலகுவான கேள்வி. ஓம் என்று சொல்லப் போனேன். "தெரியாது" என்றுதான் வந்தது. "நாலு மாசமாக் கடிதம் இல்லை. இருக்கிறாவோ எண்டு எனக்குத் தெரியாது."

நாலு மாதத்தில் ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, வளர்ந்த ஆம்பிளை, படத்தையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

முதலாளியம்மா அழவில்லை. தட்டுத் துடைத்த ஈரத்துணியை எடுத்து என் தோளில் ஓங்கி இரண்டு போட்டார். பிறகு சீன மொழியில் தொடங்கினார். பத்து நிமிடம் இருக்கும். ஒரு சொல்கூடத் தெரியாமலே அத்தனையும் எனக்கு விளங்கியது. சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், ஒரு வருடத்தில் நான் சிரித்தே பார்த்திராத அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாதித் திட்டு அவர் பக்கம் திரும்பியது. இரண்டாவது கிண்ணத்துச் சோற்றை முதலாளியம்மா குப்பையில் கொட்டிவிட்டு வந்து எனக்கு வாசலைக் காட்டினார்.

மேலே போய்ப் பையை எடுத்து உடுப்புகளை அடுக்கினேன். வேலை போச்சு, அறை போச்சு. டோஸ்ட்ருப் அண்ணையின் வீட்டில் எத்தனை நாள் தரையில் படுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து அந்தக் குரல் நாலு மாடியையும் தாண்டி வந்தது. என் பெயரை அவர் சொல்லும் விதத்தில் அது என் பெயர் மாதிரியே இருக்காது. அம்மாவின் படத்தோடேயே இறங்கிப் போனேன்.

சமையலறை மேசையில் பெரிய கிண்ணம் நிறைய நூடில்ஸ். முற்றத்துக்காரர் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். வெள்ளைப் பூவோடு வந்த அதே ஆட்கள்.

"சாப்பிடு. வெட்டக் கூடாது, கடிக்கக் கூடாது. நீளமா உள்ளுக்கு இழுக்க வேணும்" என்றார். "இது உனக்கில்லை. அம்மான்ரை ஆயுசுக்கு."

வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுப்பாக எதையும் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு இழையும் கயிறு மாதிரி முடிவே இல்லாமல் வந்தது. புரைக்கேறி, கண்ணில் நீர் வழிந்து, மூக்காலும் ஒரு முனை வரப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள், இப்போது பந்தயம் பார்ப்பது போலக் கத்தினார்கள். நான் கடிக்கவில்லை. முடிந்ததும் முதலாளியம்மா என் கையிலிருந்து அம்மாவின் படத்தை வாங்கிக்கொண்டு போய், சமையலறையில் சோற்றுப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டினார். "இது இருக்கிற ஆக்களின்ரை பக்கம்" என்றார். "கோப்பை கழுவிற ஆள் ஒழுங்காக் கழுவுதோ எண்டு அவ பாக்கட்டும்."

கடிதம் மாசி கடைசியில் வந்தது. மேலுறையில் அம்மாவின் சாய்ந்த எழுத்தைக் கண்டதும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளியம்மா கைவேலையை விட்டுவிட்டு வந்து, வரி வரியாக வாசித்துச் சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடு, கண்டதையும் தின்னாதே, அந்தப் பக்கத்திலே சூரியன் வருமோ வராதோ, பொங்கலுக்கு மறக்காமல் பொங்கு. சொல்லி முடித்ததும், எப்போது எழுதியது என்று கேட்டார். மேலே தேதியைப் பார்த்தேன். நவம்பர். அம்மா நவம்பரில் இருந்தார் என்பது மட்டும்தான் அந்தக் கடிதத்துக்குத் தெரிந்திருந்தது. முதலாளியம்மா மனதுக்குள் மாதங்களை எண்ணினார் போல. எழுந்துபோய்த் திரும்பவும் நூடில்ஸுக்குத் தண்ணீர் வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கிண்ணம் என்பது அந்தச் சமையலறையில் வழக்கமாகிவிட்டது.

அம்மா அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார். நூடில்ஸ் வேலை செய்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அவர் போனபோது நான் டோஸ்ட்ருப்பில், மனைவி பிள்ளைகளோடு. இந்தத் தடவை செய்தி தொலைபேசியில் சில நிமிடங்களில் வந்துவிட்டது. மறுநாள் வீடு நிறைய எங்கள் ஆட்கள். மணி அடித்தது. போய்த் திறந்த என் மகன் உள்ளே பார்த்து டேனிஷில், யாரோ ஒரு சீனப் பாட்டி என்றான். முடி முழுக்க வெள்ளையாகி, இன்னும் குள்ளமாகி, ரயில் பிடித்து வந்திருந்தார் முதலாளியம்மா. கையில் வெள்ளைச் செவ்வந்தி. என் முன்னால் மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தார்.

"தக்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

கலங்கிய கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "மற்றப் பாதி எங்கை? 'ஈ லீய மோத'?" என்றார்.

செத்தவீட்டில் வாய்விட்டுச் சிரித்த மகன் என்று என்னைப் பற்றி இங்கே இப்போதும் கதை உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பொங்கலுக்கு முதல் நாளே வாழைப்பழத்தை வாங்கி என் கைக்கு எட்டாத இடத்தில் மனைவி ஒளித்து வைக்கிறார். அந்த முற்றமே அன்று பிழையாக விளங்கிக்கொண்டது என்றுதான் வெகுகாலம் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்து வந்தேன். ஆனால் நாலு மாதமாக நான் பகிடியால் மூடி வைத்திருந்த துக்கத்துக்கு, நான் ஆள் அனுப்பிச் சொல்லாமலே பூவோடு படியேறி வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பது, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊதுபத்தியைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக விளங்குகிறது.